இரண்டு பேருக்கான ஸ்பிரிங்

சோல்பிரித்துக்கு மூக்கின்மேல் கோபம் என்று வடக்கே பனி ஊரான ஸ்டென்விக்கில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளோடு கால் நூற்றாண்டாகக் கரண்டி பிடிக்கும் மைலிஸ் வேறு மாதிரி சொல்வாள். "அவளுக்குத் தானா ஒண்ணும் கோபம் வர்றதில்ல. நீங்கதான் வீடு தேடிப் போய்க் குடுத்துட்டு வர்றீங்க." மைலிஸ் சொல்வதுதான் சரி.

இருபத்தாறு வருடம் ரூனேவோடு வாழ்ந்தாள். ரூனே பனி ஸ்கூட்டர் மெக்கானிக்; முன்னால் சறுக்கு, பின்னால் சுழலும் பெல்ட் என்று பனிமேல் ஓடும் வண்டி அது. ஊரில் இருந்த ஒரே பட்டறை அவனுடையது. பகலெல்லாம் கிழவர் கிழவிகளுக்கு மீனும் உருளைக்கிழங்கும் வேகவைத்துவிட்டு வந்து, மாலையில் பட்டறையில் நின்று அவனுக்கு விளக்குப் பிடிப்பாள். இடப்பக்கம் காட்டு, கீழே காட்டு, ஐயோ கண்ணில் அடிக்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுவாள். ஒரு தடவை, அந்த போல்ட்டை நான் கழற்றுகிறேனே என்று கேட்டாள். ரூனே சிரித்தான், கூட இருந்த வாடிக்கையாளனும் சிரித்தான். "நீ விளக்கைப் பிடி, போதும்" என்றான் ரூனே. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதை அன்றே மறந்திருப்பாள். சோல்பிரித் மறக்கிற ரகம் இல்லை.

பிறகு ரூனேவுக்குக் கடற்கரை நகரத்தில் ஒருத்தி இருப்பது தெரியவந்தது. சோல்பிரித் சத்தம் போட்டது ஏரிக்கு அக்கரையில் கேட்டது என்பார்கள். விவாகரத்து ஆயிற்று. வீடு ரூனேவின் அப்பா கட்டியது, அதனால் அது ரூனேவுக்கு. பட்டறை அவன் பெயரில் இருந்தது, அதுவும் அவனுக்கு. அவளுக்கு வந்தது ஒரு பழைய ஸ்கூட்டரும் பேழையும். இரண்டு தரப்புக்கும் நியாயமாகப் பிரித்திருப்பதாக வக்கீல் சொன்னார். அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

பேழை என்று ஊரில் சொல்வது, சறுக்குக் கட்டைகள்மேல் ஏற்றிய மரக்குடிலை. ஏரி கெட்டியாக உறைந்ததும் ஸ்கூட்டரில் கட்டி இழுத்துப் போய் நடு ஏரியில் நிறுத்துவார்கள். தரையில் ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, பனிக்கட்டியில் துளை போட்டு, அடுப்பை மூட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து தூண்டில் போடலாம். சோல்பிரித்தின் பேழையில் இரண்டு படுக்கைப் பலகை, ஒரு விறகடுப்பு, நல்ல கெட்டிக் கதவு. அவள் குடியிருந்ததோ நகராட்சியின் வாடகை அறை. சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். தன்னுடையது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ள அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தப் பேழைதான். அதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே மைலிஸுக்குத் தெரியும்.

ஏரியில் பேழைகள் ஒரு தெருப் போல வரிசையாக நிற்கும். யாருக்கும் பட்டா கிடையாது, ஆனால் யாருடைய இடம் எது என்று ஊருக்கே தெரியும், ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிறுத்த மாட்டார். அந்த வருடம் சோல்பிரித் தன் இடத்துக்குப் போய்ப் பார்த்தால், அங்கே ரூனேவின் தம்பியுடைய பேழை நின்றது. பேழைதான் உனக்கு என்று எழுதியிருக்கிறது, இடத்தைப் பற்றி எழுதவில்லையே என்றான் ரூனே. பக்கத்துப் பேழைக்காரர்கள் எல்லாரும் ஏதோ மீன் கடித்துவிட்டது போலத் துளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். உங்கள் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று, மைலிஸின் மகனின் வண்டியில் கட்டிப் பேழையை ஆற்று வாய்ப்பக்கம் இழுத்துப் போய்த் தனியாக நிறுத்தினாள். ஆறு ஏரியில் விழும் இடத்தில் பனிக்கட்டிக்கு மேலே தண்ணீர் ஏறும், அதன்மேல் பனி மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேரென்று படுக்கை விரித்த மாதிரி இருக்கும், கீழே முழங்கால் ஆழத்துக்குச் சொதசொதவென்று கூழ். அங்கே வேகம் குறைந்த வண்டி உட்கார்ந்துவிடும், பாரம் இழுக்கும் வண்டி நின்றால் அவ்வளவுதான். இது ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். சோல்பிரித்துக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் கோபம் ஓரமாகத் தள்ளிவிட்டது.

ஏப்ரல் முடியப் போனது. மே மாதத் தொடக்கத்துக்குள் எல்லாப் பேழையும் கரை ஏறிவிட வேண்டும், அது சட்டம். எடுக்காவிட்டால் ஏரி எடுத்துக்கொள்ளும், அது சட்டத்துக்கும் மேலே. மைலிஸின் மகன் தெற்கே வேலைக்குப் போய்விட்டான். சோல்பிரித் தன் ஸ்கூட்டரைப் பேழையில் பூட்டி இழுத்துப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது. முன்னால் இருந்த சறுக்குகள் இரண்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி தன் இஷ்டத்துக்குப் போனது. பேழை நின்ற கெட்டிப் பனியிலேயே இந்த லட்சணம் என்றால் கூழுக்குள் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேறு பட்டறை இல்லாததால் ரூனேவிடம்தான் போனாள். நகரத்துக்காரி கிறிஸ்துமசுக்கு முன்பே அவனை விட்டுப் போயிருந்தாள். அதனாலோ என்னவோ ரூனே ரொம்பக் குழைந்தான்.

"காபி குடிக்கிறியா சோல்பிரித்?"

"வண்டியைப் பாரு."

அவன் பின்பக்கத்தைக் கையால் ஒரு அழுத்து அழுத்தினான். அது பழைய மெத்தை போல அமுங்கி, மேலே வர மனமில்லாமல் வந்தது.

"ஸ்பிரிங்கு செத்துப் போச்சு. புதுசு வரவழைச்சு மாட்டணும்னா கூலியோட எட்டாயிரம் குரோனர் ஆயிடும்."

"எட்டாயிரமா? வண்டியையே யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி? பேழையை எனக்குக் குடுத்துரு. நானே வந்து இழுத்துக்கறேன்." அப்புறம் கொஞ்சம் சிரித்துக்கொண்டான். "நீ ஏறி உக்காந்தாலே பின்னாடி பாதி உக்காந்துருது. இதுல பேழை வேறயா?"

சோல்பிரித் பருமனானவள்தான். நாற்பது பேருக்குச் சமைத்த பானையைத் தனியாக இறக்கும் உடம்பு அது. அந்த உடம்பைத்தான் இருபத்தாறு வருடமும் இவன் தன் ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திரிந்தான், அப்போதெல்லாம் ஸ்பிரிங் சாகவில்லை.

"பேழை உனக்குக் கிடைக்காது ரூனே. அது ஏரிக்கு அடியில போனாலும் உனக்குக் கிடைக்காது."

அன்று மாலை நேராக எவர்ட்டின் காயலான் கிடங்குக்குப் போனாள். எவர்ட் எழுபது வயதுக்காரன். செத்துப்போன வண்டிகளைப் பனிக்குள் புதைத்துவைத்துக்கொண்டு, யாராவது விலை கேட்டால் பிள்ளையைக் கேட்டதுபோல முகம் சுளிப்பான். அவளுடைய வண்டியின் அதே கம்பெனி வண்டி ஒன்று அங்கே கிடந்தது. ஆனால் அது நீளமான இரட்டை இருக்கை மாடல், இஞ்சின் எரிந்துபோனது. இரண்டு பேர் பாரத்தைத் தாங்க வேண்டிய வண்டி என்பதால் அதன் பின் ஸ்பிரிங் இரண்டின் கம்பியும் தடிமனாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை.

"இது ரெண்டும் வேணும்."

"உனக்கு எதுக்கு? தனியாத்தானே ஓட்டுற," என்றான் எவர்ட்.

"யோவ், நான் தனியா ஓட்டறேனா ஊர்வலம் போறேனான்னு உனக்கு எதுக்கு? விலையைச் சொல்லு."

"காசு என்ன பெரிய காசு. ஒரு சட்டி பால்ட் செஞ்சு கொண்டா. உள்ள பன்றி இறைச்சி நிறைய வச்சு. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

பால்ட் என்பது உருளைக்கிழங்கு மாவில் பிடிக்கும் உருண்டை. ஒரு சட்டி செய்ய அரை நாள் பிழைப்புக் கெடும். எவர்ட் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லைதான். ஆனால் சோல்பிரித்துக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஆம்பளைங்க ஒருத்தனும் என்கிட்ட காசு வாங்க மாட்டீங்களா? எல்லாத்துக்கும் சோறுதானா? இந்தா முந்நூறு குரோனர். பிடி. பசிச்சா கடையில வாங்கித் தின்னு."

எவர்ட் காசை வாங்கிக்கொண்டான். ஸ்பிரிங்கைக் கழற்ற அவனே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான், விளக்கும் பிடித்தான். அவள் இருந்த இருப்பில் விளக்கை எந்தப் பக்கம் காட்டுவது என்று கேட்கவும் அவனுக்குத் துணிவு வரவில்லை.

வாடகை வீட்டில் கொட்டகை கிடையாது. சைக்கிள் நிறுத்தும் கூரைக்கடியில் பழைய மெத்தையைப் போட்டு, ஸ்கூட்டரை அதன்மேல் ஒருக்களித்துச் சாய்த்தாள். நான்கு பெரிய போல்ட்டைக் கழற்றினால் பின் சஸ்பென்ஷன் பெல்ட்டுக்குள்ளிருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும். நூறு தடவை பார்த்திருக்கிறாள். பார்ப்பது வேறு, செய்வது வேறு என்று முதல் போல்ட்டிலேயே தெரிந்தது. துரு பிடித்து இறுகிக் கிடந்தது. ஸ்பானர்மேல் குழாயை மாட்டி, அதன்மேல் தன் மொத்த எடையையும் போட்டாள். நீ உக்காந்தாலே பாதி உக்காந்துருது. போல்ட் கிறீச்சென்று கத்திக்கொண்டு சுழன்றது.

ஸ்பிரிங்குக்கு இரண்டு கால். ஒரு கால் வண்டிச் சட்டத்தில் பிடித்துக்கொள்ளும், இன்னொரு கால் சின்னப் பிளாஸ்டிக் கட்டைமேல் ஏறி உட்காரும். குழாயை ஸ்பிரிங் காலில் செருகி, உடம்பால் வளைத்து, நழுவினால் விரல் போகும் என்ற பயத்தோடு வலப்பக்கம் ஏற்றினாள். இடப்பக்கம் ஏற்றினாள். எழுந்து நின்று பார்த்தால் இரண்டு ஸ்பிரிங்கும் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இடப்பக்கத்து ஸ்பிரிங்கை வலப்பக்கம் மாட்டியிருக்கிறாள். இத்தனை வருடமும் விளக்கை எதிர்ப்பக்கம் நின்றல்லவா பிடித்தாள்! அவளுக்கு எல்லாமே கண்ணாடியில் தெரிவது போல மாறித்தான் மனதில் பதிந்திருந்தது. அன்று அந்தக் கூரைக்கடியில் அவள் பேசிய வார்த்தைகளை மாடியில் குடியிருந்த பாதிரியாரின் மனைவி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கழற்றி மறுபடி மாட்டினாள். தடித்த கம்பி பழைய பிளாஸ்டிக் கட்டையின் பள்ளத்தில் உட்காரவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. புதிய கட்டை வேண்டுமென்றால் ரூனேவிடம் போக வேண்டும். போகவில்லை. இல்லத்துச் சமையலறையில் தேய்ந்துபோய் எறிய வைத்திருந்த வெள்ளை வெட்டுப்பலகை ஒன்றை மைலிஸ் எடுத்துக்கொடுத்தாள். கெட்டிப் பிளாஸ்டிக், விரல் பருமன். அதை ரம்பத்தால் அறுத்து, இரண்டு துண்டாக அடுக்கி, அரத்தால் பள்ளம் ராவி, பழையதைவிட உயரமாகவே கட்டை செய்தாள். உயரம் கூடினால் ஸ்பிரிங் இன்னும் இறுகும். வண்டியை நிமிர்த்தி, பின்சீட்டில் முழு எடையோடு தொப்பென்று உட்கார்ந்தாள். வண்டி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"ஏறி உக்காந்தா பாதி உக்காந்துருதா? வாடா, இப்ப வந்து பாரு," என்று ஆளில்லாத சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இரவில் உறைந்த பனி இளகுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பினாள். ஏரியில் வேறு யாரும் இல்லை, வரிசைப் பேழைகள் எல்லாம் அந்த வாரமே கரையேறியிருந்தன. பாரம் இல்லாமல் போகும்போது அந்த ஸ்பிரிங் அவளைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு மேட்டிலும் முரட்டுக் குதிரை போல உதைத்துத் தூக்கிப் போட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேழைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளைத் தட்டிவிட்டு அதை இறக்கி, இழுவைக் கம்பியைப் பூட்டி, ஆக்சிலேட்டரை அமுக்கினாள். பின்பக்கம் லேசாக இறங்கியது, இறங்கின இடத்தில் நின்றது. முன் சறுக்குகள் பனியைக் கவ்விக்கொண்டன. திருப்பின பக்கம் வண்டி திரும்பியது. வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

கூழ்ப்பகுதியில் வேகமாக இறங்கினாள். பேழை பின்னால் ஆடிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர் வாரி அடித்தது. அப்போதுதான் இன்னொரு வண்டிச் சத்தம் கேட்டது. ரூனே, பட்டறையில் விற்பனைக்கு நின்ற புது வண்டியில், பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தான்.

"நில்லு சோல்பிரித்! நில்லு! மாட்டிக்குவ! நான் கட்டி இழுக்கறேன்!"

கூழுக்குள் பாரத்தோடு போகிறவளைப் பார்த்து நில்லு என்று கத்த ஒரு மெக்கானிக்குக்கு எப்படி வாய் வந்தது? நின்றால் பேழை போயிற்று. அது அவனுக்குத் தெரியாதா? தெரியும் என்றுதான் சோல்பிரித் இன்றுவரை நம்புகிறாள்.

"தள்ளிப் போடா!" என்று கத்திவிட்டு இன்னும் அமுக்கினாள்.

அவள் காதில் விழவில்லை என்று நினைத்து, மறுபடி கத்துவதற்காக ரூனே வேகத்தைக் குறைத்தான். குறைத்தானோ இல்லையோ, புது வண்டி அப்படியே கூழுக்குள் உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்காமல் அவள் கரைவரை போனாள். பேழையைச் சரிவில் ஏற்றி, சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் விறகு கொடுத்து நிறுத்தினாள். உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். ஆயிற்று, பேழை கரையேறிவிட்டது, இனி யாரும் அதைத் தொட முடியாது.

தூரத்தில் ரூனே தொடைவரை நனைந்து, தன் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பனியில் மாட்டியவன் யாராக இருந்தாலும் போய் எடுக்க வேண்டும், சண்டை கரையில்தான். இங்கே பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வருவது. அன்றைக்கு ஏரியில் இருந்ததோ அவள் ஒருத்திதான். கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். கெட்டி ஓரத்தில் நிறுத்தி, வா என்று கை காட்டினாள். அவன் கூழை உழக்கிக்கொண்டு நடந்து வந்தான். பற்கள் தடதடவென்று அடித்தன.

"வண்டி..."

"வண்டியை உன் தம்பி வந்து எடுப்பான். ஏறு."

ஏறினான். பிடிக்க வேறு இடம் இல்லாததால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கிளம்பினார்கள்.

மேடு வந்தது. உதைக்கும் என்று சோல்பிரித் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். உதைக்கவில்லை. வண்டி பூப்போல இறங்கி ஏறியது. அடுத்த மேட்டிலும் அப்படியே. காலையில் அவள் எலும்பை எண்ணிய அதே வண்டி, இப்போது தொட்டில் மாதிரி போனது. அதைவிடக் கொடுமை, அவளுடைய முதுகு தன்னையறியாமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது. இருபத்தாறு வருடத்துப் பழக்கம். அவளைக் கேட்காமலே அந்த முதுகு அவனைத் தெரிந்துகொண்டது.

ரூனேவும் கவனித்துவிட்டான். மெக்கானிக் அல்லவா.

"என்ன ஸ்பிரிங் போட்ட நீ? அருமையாப் போகுதே!" காதருகில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னான். "பாரு சோல்பிரித். ரெண்டு பேர் உக்காந்தாத்தான் இந்த வண்டி சரியா இருக்கு."

அவள் வண்டியை நிறுத்தினாள்.

"இறங்கு."

"என்ன?"

"இறங்குடா. கரை இதோ தெரியுது. இங்க பனி கெட்டி. நட."

"கால் நனைஞ்சிருக்கு சோல்பிரித். விளையாடாத."

"நடந்தா சூடு வரும். நான் ஒத்தையா இருக்கேன்னு வண்டிகூட உன் பக்கம் சேர்ந்துக்கிச்சுன்னு நினைச்சியா? இது என் வண்டி. உதைச்சா என்னை உதைக்கட்டும். உனக்கென்ன?"

இறங்கினான். அவள் கிளம்பினாள். முதல் மேட்டிலேயே வண்டி அவளை இருக்கையிலிருந்து தூக்கி அறைந்தது. முதுகுத்தண்டு வழியாகத் தலைவரை வலித்தது. அடுத்த மேட்டுக்கு அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது, அதற்குக் குளிர் காரணம் இல்லை. அவன்மேல் இருந்த கோபத்தைவிடத் தன் முதுகின்மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது.

பேழைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காபி கொதித்து முடிக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறந்தாள். ரூனே படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான், உதடு நீலமாக இருந்தது.

"உள்ள வரலாமா? கொஞ்சம் காய்ஞ்சிட்டுப் போயிடறேன்."

இந்தப் பேழைக்குள் அவன் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்டுவிட்டு வந்ததில்லை. அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"இல்ல," என்றாள்.

கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடியையும் ஒரு குவளைக் காபியையும் வெளியே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"குடிச்சிட்டுக் குவளையைப் படியில வச்சிட்டுப் போ."

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அவன் காபியை ஊதிக் குடிக்கும் சத்தம் கேட்டது, அப்புறம் குவளை படியில் வைக்கப்படும் சத்தம், பனியில் காலடிச் சத்தம். அது நின்றபிறகும் அவள் கதவைத் திறக்கவில்லை. சுவரில் அடிக்க ஆணி தேடினாள்.